கடற்படை வாத்தியார்

சென்ற மாதம் மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் மருந்தை விட்டு, மூடிக்கொண்டு காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். வேலைக்காலம் முழுக்க மற்றவர்களைக் 'கொஞ்ச நேரம் உட்காருங்க' என்று அதட்டி உட்கார வைத்தவள் நான். எனக்கென்னவோ உட்காருவது மட்டும் இன்னும் பழகவில்லை. பக்கத்தில் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, எங்கே சுற்றுலா போகலாம் என்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தது. அலைச் சத்தம், மெல்லிய இசை, ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல். மூடிய கண்ணுக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குரல் ஒரு தீவின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பலாவ்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். மருந்தின் கலங்கலில் நீலமாக ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குல்ல ஆன்ட்டி?" என்றாள் அந்தப் பெண். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது எழுபதுகளின் கடைசியில், டிங்சர் வாசனைக்கு நடுவில். இன்றைக்கும் டிங்சர் பாட்டிலைத் திறந்தால் போடிமெட்டுக்கு மேலேயிருந்த அந்த ஏலத் தோட்டத்து டிஸ்பென்சரிதான் எனக்கு முன்னால் வந்து நிற்கும். அதனோடு பச்சை ஏலக்காய் காயும் வாசனையும், ஈர விறகுப் புகையும். நர்சிங் படித்து முடித்து, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு அங்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஏலக்காய் என்றால் பாயசத்தில் வரும், வாயில் அகப்பட்டால் துப்ப வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

முதல் மாதம் அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி வந்து ஜன்னலை அடைத்துவிடும். டாக்டர் போடியிலிருந்து வாரத்துக்கு ஒரு தரம் ஜீப்பில் வருவார். மழை என்றால் அதுவும் இல்லை. தொழிலாளர்கள் இருந்த லயம் சரிவில் கீழே இருந்தது. அங்கேயிருந்து பேச்சுச் சத்தமும் ரேடியோப் பாட்டும் ஏறிவரும், ஆனால் ஆள் வராது. காய்ச்சல், பேதி, அட்டைக்கடி என்று வந்தால் மருந்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். நான் ஊசியெல்லாம் வேகவைக்கும் பாத்திரத்தோடு பேசப் பழகியிருந்தேன். அது கொதிக்கும்போது பதில் சொல்வதுபோலவே இருக்கும்.

ஒழுங்காக வந்து, வந்தால் கொஞ்சம் உட்கார்ந்து போகிறவர் ஒருவர்தான். சுருளிச்சாமி. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. அறுபது வயதைத் தாண்டியவர், தனிக்கட்டை. இடது கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு புண். வெயில் காலத்தில் மூடிக்கொள்ளும், மழை பிடித்தால் திறந்துகொள்ளும். எத்தனை வருஷப் புண் என்று கேட்டேன். "அது பலாவுல வாங்குனது" என்றார். எனக்கு விளங்கவில்லை. பலா மரத்திலிருந்து விழுந்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. லயத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் கேட்பார்களாம். அந்தத் தீவில் பலாப்பழம் நிறைய உண்டா என்று.

கட்டு மாற்றும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொன்னதை நான் இங்கே ஒன்றாக்கிச் சொல்கிறேன்.

தேவாரம் பக்கத்து ஊர் அவருக்கு. மழை பொய்த்து, காட்டில் வெள்ளாமை இல்லாத ஒரு வருஷம், அவரும் தங்கை புருஷன் வீரணனும் சேர்ந்து பட்டாளத்தில் சேர்ந்தார்கள். தங்கை பேச்சியம்மாளுக்கு அப்போது கைக்குழந்தை. இரண்டு பேரையும் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஜப்பான்காரன் ஜெயித்ததும் எல்லோரும் கைதி. வெள்ளைக்காரனை எதிர்த்து ஜப்பான்காரனோடு சேரப் பக்கம் மாறியவர்கள் ஒரு வழி போனார்கள். மாறாதவர்களில் ஒரு கூட்டத்தைக் கப்பலின் அடித்தட்டில் ஏற்றி, பசிபிக் கடலுக்கு நடுவில் இறக்கிவிட்டார்கள். அதுதான் பலாவு. நீங்கள் ஏன் மாறவில்லை என்று கேட்டேன். மாப்பிள்ளை மாறவில்லை, அதனால் நானும் மாறவில்லை என்றார். மாப்பிள்ளை ஏன் மாறவில்லை என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அங்கே ரோடு வெட்டுவதும், விமானம் இறங்கத் தளம் சமப்படுத்துவதும் வேலை. காவலுக்கு இருந்தவர்களில் வயதான ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். காரணம் இருந்தது. காடு வழியாகக் கைதிகளை அவர் கூட்டிப்போகும்போது, எதிரே வரும் தீவுக்காரர்கள், பிள்ளைகுட்டி பெற்ற ஆண்கள், சட்டென்று ஒதுங்கிக் குனிந்து 'சென்சேய்' என்பார்கள். அப்படியென்றால் வாத்தியார். அவர்களெல்லாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவரிடம் படித்தவர்கள்.

அந்தக் கதையை வாத்தியாரே மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டியும், தெரிந்த சில சொற்களை வைத்தும் சொன்னாராம். ஜப்பான்காரர்கள் வருவதற்கு முன்பு அந்தத் தீவு ஜெர்மன்காரர்கள் கையில் இருந்தது. முதல் உலக யுத்தம் ஆரம்பித்ததும் ஜப்பானியக் கடற்படை வந்து இறங்கி, பெரிய சண்டை எதுவும் இல்லாமல் எடுத்துக்கொண்டது. பிறகு சில வருஷங்கள் அங்கே கடற்படைதான் அரசாங்கம். கமாண்டர்தான் கலெக்டர்; அவரேதான் மாஜிஸ்திரேட். கப்பல் டாக்டர்தான் ஊருக்கு டாக்டர். ஊர்த் தலைவர்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவர்கள் தலைக்கு மேலே ஒரு கொடியை மட்டும் ஏற்றினார்கள். பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்ததும் வாத்தியாருக்கு எங்கே போவது? எழுத்து நன்றாக இருந்த மாலுமிகளைப் பிடித்துப் பாடம் நடத்தச் சொன்னார்கள். இருபது வயதில் கப்பல் தளம் கழுவிக்கொண்டிருந்தவர் இப்படித்தான் வாத்தியாரானார். கொடிக்குக் குனிய வேண்டும், பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும். கடிகாரமே இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு நேரம் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுப்பதற்குத்தான் ரொம்பப் பாடுபட்டாராம். பிறகு கடற்படை போய் சிவில் அதிகாரிகள் வந்தார்கள். வாத்தியாரும் ஊருக்குத் திரும்பினார். திரும்ப யுத்தம் வந்ததும், தீவைத் தெரிந்த ஆள் என்று கிழட்டு வயதில் கூப்பிட்டு, கையில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"எங்கள ஒருநாளும் கை நீட்டுனதில்ல நர்சம்மா. பாவம், எங்களவிட அவருதான் தனியாக் கெடந்தாரு" என்றார் சுருளிச்சாமி. சின்ன வயது சிப்பாய்களுக்கு அவர் ஒரு கேலி. தீவுக்காரர்களுக்கு பயம். கைதிகளோடு சிரித்துப் பேச முடியாது. மத்தியானம் ஒரு மரத்தடியில் தனியாக உட்கார்ந்து தன் பழைய பள்ளிக்கூடம் இருந்த பக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பாராம். அதைக் கேட்டபோது எனக்கு என் ஜன்னல்தான் ஞாபகம் வந்தது.

இதற்கு மேல் அவர் சொன்னதில்லை. மாப்பிள்ளை அங்கேயே செத்துப்போனார் என்பதைக்கூட வேறு யாரோதான் எனக்குச் சொன்னார்கள்.

அங்கே நான் போய்ச் சேர்ந்த இரண்டாவது மழைக்காலத்தில், போடி வியாபாரி ஒருவர் ஒரு ஜப்பான்காரரை ஜீப்பில் கூட்டிவந்தார். அவர் ஊரில் குழம்புப் பொடிக்கு ஏலக்காய் வேண்டுமாம். செடியிலேயே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். மலை வளைவுகளில் வழியெல்லாம் வாந்தி. தோட்டத்துக்குள் இறங்கி நடந்ததும் இரண்டு காலிலும் அட்டை. மானேஜர் அவரை என்னிடம் தள்ளிவிட்டு வியாபாரியோடு ஸ்டோருக்குப் போய்விட்டார். நாற்பது வயதிருக்கும். காற்சட்டையைச் சுருட்டிவிட்டு, என்னைப் பார்க்கவே கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உப்பை வைத்து ஒவ்வொரு அட்டையாக எடுத்தேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றையொன்று கைபிடித்து நடத்திக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

அப்போது சுருளிச்சாமி கட்டு மாற்ற வந்தார். வாசலில் நின்று அவரைப் பார்த்தார். கையில் இருந்த குடை கீழே விழுந்தது. இரண்டு கையும் தொடையோடு ஒட்டிக்கொள்ள, இடுப்பிலிருந்து குனிந்தார். அப்படி அவர் குனிந்து நான் பார்த்ததே இல்லை. மானேஜருக்கும் குனிய மாட்டார். வந்தவர் பதறி எழுந்து, ரத்தம் வழிகிற காலோடு தானும் குனிந்தார். இருவரும் நிமிரவே இல்லை. நான்தான் நடுவில் போய், அண்ணே உட்காருங்க, என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

சுருளிச்சாமி ஜப்பானிய மொழியில் மனப்பாடமாக ரெண்டு வரி சொன்னார்; அதற்கு மேல் அவருக்குப் பேச வராது. வந்தவருக்கு முகமெல்லாம் ஆச்சரியம். இந்த மனிதர் அந்தக்காலத்துப் பள்ளிப் பிள்ளை பேசுவதுபோலப் பேசுகிறார், எங்கே கற்றார், என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவருக்கும் அந்தத் தீவின் பெயர் தெரிந்திருந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"நர்சம்மா, இவருகிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்றார் சுருளிச்சாமி. பிறகுதான் நான் அதுவரை கேட்காத கதையைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

யுத்தத்தின் கடைசி வருஷம். மேலே அமெரிக்க விமானங்கள். கப்பல் எதுவும் வர வழியில்லை. அரிசி நின்றுபோனது. ஜப்பான்காரர்களே இலைதழையைத் தின்றுகொண்டிருந்தார்கள், கைதிகளைக் கேட்பானேன். வீரணன் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் முகாமில் கிடந்தார். ஒருநாள் வாத்தியார் சுருளிச்சாமியை மட்டும் தனியாகக் காட்டுக்குள் கூட்டிப்போனார். அப்படி மற்ற காவலர்கள் கூட்டிப்போன சிலர் திரும்பியதில்லை. தன் கதையும் முடிந்தது என்று இவர் நினைத்துக்கொண்டார். ஓர் ஓடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, இலையில் சுற்றிய அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கையில் கொடுத்தார் வாத்தியார். தூரத்தில் தீவுக்காரர்களின் வீட்டுப் புகை தெரிந்தது. அந்தப் பக்கம் கையைக் காட்டினார். நெஞ்சில் கை வைத்து மெல்லத் தள்ளினார். ஒரு வார்த்தை சொன்னார். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அந்த வார்த்தை சுருளிச்சாமிக்குத் தெரிந்த வார்த்தைதான். தினமும் வேலை முடிந்ததும் காவலர்கள் 'கயெரே' என்று கத்துவார்கள். முகாமுக்குத் திரும்பு என்று அர்த்தம். வாத்தியார் கொஞ்சம் மாற்றிச் சொன்னார். கிழவர், பல் போனவர், பசியில் நாக்குக் குழறுகிறது என்று இவர் நினைத்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு முகாமுக்குத் திரும்பிவிட்டார். வாசலில் வாத்தியார் நின்றிருந்தார். இவரைப் பார்த்ததும் ஓங்கி ஓர் அறை. ஒருநாளும் கை நீட்டாத மனிதர். அறைந்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை அந்தக் கிழங்கைத் தின்றார். சில நாள் கழித்து இவர் மடியில் தலை வைத்தபடி இறந்துபோனார். யுத்தம் முடிவதற்குள் வாத்தியாரும் பசியில் இறந்துபோனார்.

"அவரு திரும்பச் சொன்னாரு, நான் திரும்புனேன். பெறகு எதுக்கு அடிச்சாரு? இத்தன வருசமாப் புரியல. அதக் கேளுங்க."

வந்தவர், வாத்தியார் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லச் சொன்னார். சுருளிச்சாமி சொன்னார்: "கயெரு நா."

வந்தவர் அதைத் தன் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மிக மெதுவாக விளக்கினார். 'கயெரே' என்றால் திரும்பிப் போ. 'கயெரு நா' என்றால் திரும்பிப் போகாதே. அவர் தன் பழைய மாணவர்கள் இருந்த ஊருக்கு இவரைத் தப்பிப் போகச் சொல்லியிருக்கிறார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். சுருளிச்சாமி இன்னொரு தரம் கேட்கச் சொன்னார். கேட்டேன். அதே பதில்தான். அவர் எழுந்து, பாதி அவிழ்த்த கட்டோடு மழையில் இறங்கிப் போனார். நான் தவறு செய்துவிட்டேனா என்று வந்தவர் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அவருக்கும் நம்பிக்கை வரவில்லை, எனக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு சுருளிச்சாமி கட்டு மாற்ற வரவே இல்லை. நாலைந்து நாள் பார்த்துவிட்டு நானே லயத்துக்குப் போனேன். அறையில் அடுப்பு மூட்டிய அடையாளம் இல்லை. கட்டு அழுக்கேறி நாற்றமடித்தது. நான் புண்ணைக் கழுவி முடித்ததும் சொன்னார்.

"வாத்தியாரு சொன்னது அன்னைக்கே வெளங்கிருந்தா நான் திரும்பி வந்திருப்பேனா, நர்சம்மா? அதத்தான் யோசிச்சுக்கிட்டே கெடக்கேன்."

நான் புதுத் துணியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன். அவரே தொடர்ந்து சொன்னார். ஊர் திரும்பியதும் தங்கையிடம் மாப்பிள்ளை தனியாகச் சாகவில்லை, நான் விட்டுவிட்டு வரவில்லை என்று சொன்னாராம். அவள் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளையை வளர்த்தாள், காட்டில் வெள்ளாமை பார்த்தாள். இப்போது பார்த்தால், இவர் விடாமல் போனதற்குக் காரணம் பாசம் இல்லை, ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்ட காது. திரும்பாதே என்று சொன்னது விளங்கியிருந்தால் அப்படியே புகை தெரிந்த பக்கம் நடந்திருப்போமோ என்று பயமாக இருக்கிறதாம். தங்கையிடம் போய் இதைச் சொல்ல வேண்டும். தனியாகப் போகத் தைரியம் வரவில்லை என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். எனக்கும் போகிறதற்கு வேறு இடம் இல்லை. ஜீப்பில் போடிக்கு இறங்கி, தேவாரம் பஸ் பிடித்தோம்.

பேச்சியம்மாள் வீட்டில் இல்லை, காட்டில் இருந்தார். முந்தின ராத்திரி யானை இறங்கிச் சோளத்தை மிதித்துப் போயிருந்தது. சாய்ந்த தட்டைகளில் தேறும் கதிர்களை ஒடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் இடுப்பை நிமிர்த்தி, "வாண்ணே" என்றார். என்னைப் பார்த்து, "வா தாயி, நெழல்ல உக்காரு" என்றார். வேலையை நிறுத்தவில்லை.

சுருளிச்சாமி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஓடை, கிழங்கு, வார்த்தை, அறை, ஜப்பான்காரர் சொன்ன அர்த்தம். கடைசியில், "நான் ஒம் புருசனுக்காகத் திரும்பல பேச்சி. திரும்பச் சொன்னாகன்னு நெனச்சுத் திரும்புனேன்" என்றார்.

பேச்சியம்மாள் கையில் இருந்த கதிரைச் சாக்கில் போட்டார். இன்னொன்றை ஒடிக்கப் போனவர் நின்றார்.

"கெழங்கு உங்கிட்டதான இருந்துச்சு?"

"ஆமா."

"நீ எத்தன நாளாச் சாப்பிடல அப்ப?"

அவர் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பச் சொன்னாகன்னு திரும்புன, சரி. கெழங்கத் திங்க வேணாம்னு யாருண்ணே ஒனக்குச் சொன்னது?"

அவ்வளவுதான் சொன்னார். மறுபடியும் குனிந்து கதிரை ஒடிக்க ஆரம்பித்துவிட்டார். சுருளிச்சாமி அப்படியே வரப்பில் உட்கார்ந்தார். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். அவர் முதுகு குலுங்குவதைப் பார்க்கக் கூடாது என்று நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், தங்கைக்குப் பக்கத்து வரிசையில் அவரும் கதிர் ஒடிக்க ஆரம்பித்தார். நானும் ஒடித்தேன். கையெல்லாம் சுணை ஏறி இரண்டு நாள் அரித்தது.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர் வரவில்லை, இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். நான் மட்டும் திரும்பினேன். நடந்ததெல்லாம் நல்லதாகத்தான் நடந்தது. ஆனால் ஜீப்பின் பின்சீட்டில், மூட்டைகளுக்கு நடுவில், குளிர ஆரம்பித்த மலையில் ஏறும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர்களுக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் இருந்தார்கள். எனக்கு மேலே வேகவைக்கும் பாத்திரம்தான் இருந்தது. இதைச் சொல்ல இந்த வயதில் என்ன வெட்கம்.

அதற்குப் பிறகு அவர் சனிக்கிழமைகளில் ஊருக்குப் போய்வர ஆரம்பித்தார். புண் ஆறவில்லை, புண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. எனக்கு அரசாங்க வேலை கிடைத்துப் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்கு மாறியபோது, வழியனுப்ப ஜீப் வரைக்கும் வந்தார். வெரசாப் போங்க நர்சம்மா, பனி எறங்கிரும், என்றார். இரண்டு மழைக்காலம் கழித்து அவர் இறந்துபோனதை அந்தப் பக்கத்து ஜீப் டிரைவர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த மாதம் முதல் வாரம், மனசு கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். மெட்டுக்கு மேலே அந்தத் தோட்டம் கைமாறிக் கைமாறி யாருடையது என்றே சொல்ல ஆளில்லை. லயம் இருந்த சரிவில் தங்கும் விடுதி வந்திருக்கிறது. கண்ணாடி ஜன்னல் வழியாக மூடுபனியைப் பார்க்கத் தனிக் கட்டணமாம். டிஸ்பென்சரி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ஸ்டோரில் விறகு எரிவதில்லை, அதனால் அந்த வாசனையும் இல்லை.

கீழே இறங்கி தேவாரம் போனேன். பேச்சியம்மாள் போய் ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. காட்டை விற்றுவிட்டார்கள், வேலி போட்டுத் தென்னை வைத்திருக்கிறார்கள். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். லீவுக்கு வந்தவன் வேலைக்குத் திரும்புவதற்காகப் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தான். டீக்கடைக்காரர்தான் அடையாளம் காட்டினார். நாற்பத்தைந்து வயதிருக்கும், நல்ல மாதிரி, மரியாதையாகப் பேசினான். உங்கள் தாத்தாவைப் பற்றித் தெரியுமா என்று கேட்டேன்.

"பட்டாளத்துல இருந்தாருன்னு அம்மா சொல்லும்ங்க. அவரும் அம்மாவோட தாய்மாமனும். பர்மாவுல."

"பர்மா இல்லப்பா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவன் பஸ் வந்துவிட்டது.